வேலிக்கு வெளியே கிடந்த தாழிகள்: இராமநாதபுரம் கரையில் ஒரு கல்வட்டம் (நிகழ்வு ஆய்வு)

இராமநாதபுரம் கடற்கரையில் கருங்கல் கிடையாது. வைகை கொண்டுவந்து கொட்டிய வண்டல், தேரி மணல், கரிசல், உவர்நிலம் இவ்வளவுதான். மண்டபம், பாம்பன் பக்கம் போனால் பவளப்பாறை உண்டு. அலையடிக்கும் ஓரங்களில் சிப்பியும் மணலும் இறுகிய கடற்பாறை தென்படும். நிலத்துக்குள் ஆங்காங்கே சுக்கான்கல். இப்படிப்பட்ட மண்ணில் ஆளுயரத்தில் பாதி இருக்கும் செம்புராங்கற்கள் வட்டமாக நட்டிருந்தால், ஒவ்வொரு கல்லையும் யாரோ தூக்கிவந்திருக்கிறார்கள் என்று பொருள். கல்வட்டம் என்பது இறந்தவரை அடக்கிய இடத்தைச் சுற்றி நட்ட கற்கள். மலையடிவாரத்துக் கல்வட்டத்துக்கும் கடலோரக் கல்வட்டத்துக்கும் உள்ள முதல் வேறுபாடு இந்த உழைப்பு. இங்கே கல் ஒரு செலவு. அந்தச் செலவைச் செய்யத் தகுந்தவர் என்று சிலரை மட்டும் அந்தச் சமூகம் நினைத்திருக்கிறது. மற்றவர்களைக் கல் இல்லாமல், வெறும் தாழியில் (இறந்தவரை வைத்துப் புதைக்கும் பெரிய மண்பானையில்), அதே திடலில் அடக்கியிருக்கிறது. பாதுகாப்பு என்று வரும்போது நாம் சறுக்குவதும் இந்த இடத்தில்தான்.

கீழே விவரிக்கும் இடம் ஒரு மாதிரி இடம். திருவாடானை வட்டத்தில் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, ஒரு கண்மாய்க் கரைக்குக் கிழக்கே இருப்பதாக வைத்துக்கொண்டு, இக்கரையில் நேரக்கூடியவற்றை ஒன்றாகக் கோத்திருக்கிறோம். வட்டத்தின் அளவுகள் கணக்கை விளக்கக் கொடுத்தவை. சட்டம், காலக்கணிப்பு, மற்ற ஊர்களின் அகழாய்வு பற்றிய செய்திகள் உள்ளவை உள்ளபடி. உண்மையான ஓர் இடத்தைச் சர்வே எண்ணோடு வெளியிடுவது புதையல் தேடி வருபவனுக்கு வழி சொல்வதாகிவிடும்.

நடந்தது என்ன

திடலில் தரைக்கு மேல் தெரிவது 11 கற்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பலகை நட்டு, 12 மீட்டருக்கு 12 மீட்டர் சதுரமாகக் கம்பிவேலி போட்டிருக்கிறது. எல்லை வரைந்தவர் கண்ணுக்குத் தெரிந்த வட்டத்தைச் சுற்றி வரைந்துவிட்டார். வேலியிலிருந்து தென்கிழக்கே 34 மீட்டரில், பட்டா நிலத்தில், பண்ணைக்குட்டை வெட்டுகிறார்கள். ஜே.சி.பி. வாளி ஒரு மீட்டர் ஆழம் போனதும் தடித்த சிவப்பு ஓடுகள் வருகின்றன. ஓட்டுபவர் நிறுத்தவில்லை. இரண்டாம் நாள் குட்டையின் வடக்குச் சுவரில் மூன்று தாழிகள் குறுக்காக அறுபட்டு நிற்கின்றன. வெட்டிய மண் ஏற்கெனவே கரையாகக் குவிந்துவிட்டது. நான்காவது தாழி ஒன்று இருந்திருந்தால் அது எங்கே இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் எவரும் இல்லை. நில உரிமையாளர் வேலியைத் தொடவில்லை. நூறு மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று ஊருக்கே தெரியும், அவரும் கட்டவில்லை. குட்டை வெட்டுவது கட்டடம் இல்லையே என்பது அவருடைய கணக்கு. தவறு வேலி போட்ட அன்றைக்கே நடந்துவிட்டது.

வட்டத்தை எப்படிப் படிப்பது

தமிழ்நாட்டுக் கல்வட்டங்கள் இரும்புக்கால ஈமச்சின்னங்கள். நடுவில் கற்பதுக்கை (பலகைக்கற்களால் அமைத்த அறை) இருக்கலாம், ஈமப்பேழை (சுட்டமண் பெட்டி) இருக்கலாம், தாழி இருக்கலாம், வெறும் குழியும் இருக்கலாம். மேலே கற்குவை போர்த்தியிருந்தால் அது கற்குவை வட்டம். பாண்டவர் குழி, மதமதக்கத் தாழி, குள்ளர் வீடு என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர்களைக் கேலி செய்யாமல் எழுதிவைக்க வேண்டும். கல் போன பிறகும் நிலத்தின் பெயர் நிற்கும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள் வழிபாட்டுக்குரியவை. இந்த வகையோடு அவற்றைச் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

முதல் வேலை, இது கல்வட்டம்தானா என்று உறுதி செய்வது. இக்கரையில் வட்டமாகக் கல் கிடக்கப் பல காரணங்கள் உண்டு. பழைய நெற்களத்தின் ஓரம், ஆட்டுப்பட்டி, தூர்ந்த கிணற்றின் வாய், கருப்பட்டி காய்ச்சிய அடுப்படி. களத்தின் ஓரக்கல் தரைமேல் உட்கார்ந்திருக்கும். ஈமவட்டத்தின் கல் குழி வெட்டி நட்டது, அடிப்பகுதி நன்றாகவே மண்ணுக்குள் இருக்கும். சோதிக்கக் கடப்பாறை வேண்டியதில்லை. கல்லின் அடியில் படிந்த புழுதியை மென்மையான தூரிகையால் இரண்டு விரல் அகலத்துக்குத் தள்ளினால் போதும். களத்துக் கல் முடிந்துவிடும், நட்ட கல் இன்னும் கீழே போகும். நடுப்பகுதி சற்றே மேடிட்டிருக்கிறதா, சிறுகற்கள் சிதறியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். களத்தின் நடு சாணமும் மண்ணும் இறுகித் தட்டையாக இருக்கும்.

அளப்பதற்கு இரண்டு பேர், 30 மீட்டர் நாடா ஒன்று, திசைகாட்டி, ஜி.பி.எஸ். உள்ள கைபேசி, ஒரு மீட்டர் அளவுகோல் இருந்தால் ஆகும். வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் கற்களுக்கு எண் கொடுக்க வேண்டும். எண்ணைச் சாயத்தால் கல்லில் எழுதக்கூடாது, பக்கத்தில் சீட்டு வைத்துப் படம் எடுத்தால் போதும். ஒவ்வொரு கல்லுக்கும் தரைக்கு மேல் உயரம், அகலம், தடிமன், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, என்ன கல் என்பதை எழுதுகிறோம். உள்விட்டத்தை வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் தனித்தனியே அளக்கிறோம். மாதிரி வட்டத்தில் அது 5.9 மீட்டரும் 6.1 மீட்டரும். சராசரி 6 மீட்டர் விட்டம் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 18.85 மீட்டர். இடம் மாறாத கற்களுக்கு இடையே நடுவிலிருந்து நடுவுக்கு 1.05 மீட்டர் இருக்கிறது. வகுத்தால் 18 கற்கள். இருப்பவை 11, ஆக ஏழு போயிருக்கின்றன. அந்த ஏழையும் தேட வேண்டும். கண்மாய் மடையின் ஓரத்திலும், துணி துவைக்கும் இடத்திலும், பனங்காட்டு எல்லையிலும் அதே செம்புராங்கல் கிடந்தால் குறித்துக்கொள்ளலாம். கல்லே இல்லாத ஊரில் கல் தானாக நகராது.

பாதி வட்டம் மட்டும் மிஞ்சிய இடத்தில் விட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு. வில்லின் இரு முனைக்கும் நேராக நாடாவைப் பிடித்து அந்த நீளத்தை அளக்க வேண்டும். நாடாவின் நடுவிலிருந்து வில்லின் முதுகு வரை உள்ள தூரத்தையும் அளக்க வேண்டும். நாடா நீளத்தின் வர்க்கத்தை முதுகுத் தூரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, முதுகுத் தூரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். நாடா 4 மீட்டர், முதுகு 0.76 மீட்டர் என்றால் ஆரம் 3.01 மீட்டர். முதுகை 5 சென்டிமீட்டர் குறைத்து 0.71 என்று எடுத்தால் ஆரம் 3.17 ஆகிவிடும். சாய்ந்த கல்லின் உச்சியை அளப்பவர்கள் இந்தப் பிழையில்தான் விழுகிறார்கள். கல் எப்படிச் சாய்ந்திருந்தாலும் அளவை அடியிலிருந்து எடுக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 18 கற்களில் ஏழு இல்லாத வட்டத்தை வைத்துச் சூரியன் இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் உதிக்கிறது என்று எழுதுவது ஆய்வாகாது. இத்தனை கற்கள் இருந்தால் ஏதாவது இரண்டுக்கு நடுவில் அது உதித்தே தீரும்.

வேலிக்கு வெளியே தேடுவது

வட்டம் நமக்குக் கிடைத்த முகவரி. இடுகாடு அதைவிடப் பெரியது. அதன் எல்லையைத் தோண்டாமல் கண்டுபிடிக்க வேண்டும். ஊடுருவும் ரேடார் கருவி வைத்துப் பார்த்துவிடலாமே என்று முதலில் கேட்பார்கள். இந்தக் கரையில் அது அநேகமாக ஏமாற்றும். உப்பும் களிமண்ணும் கலந்த ஈரத் தரையில் அதன் அலைகள் கொஞ்ச ஆழத்திலேயே அவிந்துவிடும். வாடகை கொடுத்துக் கருவியைக் கொண்டுவந்து, ஒன்றும் தெரியவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை என்று அறிக்கை எழுதுவதைப்போல் ஆபத்து வேறில்லை.

பலன் தருவது கால்நடையாகச் செய்யும் ஓட்டுக் கணக்கு. வட்டத்தை நடுவாக வைத்து நான்கு பக்கமும் 100 மீட்டருக்கு, 10 மீட்டருக்கு ஒரு முளை வீதம் கட்டம் போட வேண்டும். ஒவ்வொரு முளையிலும் 2 மீட்டர் சதுரத்துக்குள் கிடக்கும் ஓடுகளை எண்ணி, அங்கேயே விட்டுவிட வேண்டும். தாழி ஓட்டைக் கையில் எடுத்தாலே தெரியும். இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத் தடித்திருக்கும், மண்ணில் பரலும் உமியும் கலந்து சொரசொரப்பாக இருக்கும், உடைந்த விளிம்பின் நடு கறுத்திருக்கும். கழுத்துப் பகுதியாக இருந்தால் விரல் நுனியால் அழுத்திய வடம் போன்ற வரி ஓடும். சமையல் பானை ஓடு மெல்லியது. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக வழவழப்பான ஓடு தனிக்கணக்கு. மாதிரி இடத்தில் தாழி ஓடுகள் வட்டத்துக்கு அருகில் குறைவு, தென்கிழக்கே 25 முதல் 60 மீட்டர் வரை அதிகம். குட்டை வெட்டியது நெஞ்சாங்குலையிலேயே வெட்டியது போல.

இந்த வேலைக்குப் பொங்கல் கழிந்து பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழை அடங்கியதும் ஒரு நடை போய்ப் பார்ப்பதும் நல்லது. பழைய குழியில் நிரம்பிய மண் பக்கத்து மண்ணைப் போலக் காயாது. காலை வெயிலில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வட்ட வட்டமாக ஈரத்தழும்பு தெரிந்தால், அல்லது அங்கே மட்டும் புல் செழித்திருந்தால், அதை வரைபடத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

சீமைக்கருவேலம் மண்டிய திடல்தான் இங்கே பெரும்பாலும் கிடைக்கும். அதை வேரோடு பிடுங்கச் சொல்பவர்கள் வேரோடு சேர்ந்து தாழியும் வரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தரைமட்டத்தில் அறுத்து, துளிர்க்கத் துளிர்க்க வெட்டிவிட வேண்டும். கரிமூட்டம் போட்ட இடமாக இருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். மூட்டத்தை மூட மண் வெட்டிய பள்ளம் மேலடுக்கைக் கலைத்திருக்கும். மூட்டத்துக் கரித்தூள் எலி வளை வழியாகவும் வேர்த்துளை வழியாகவும் கீழே இறங்கும். அந்தக் கரியைத் தாழிக்கருகே எடுத்துக் காலக்கணிப்புக்கு அனுப்பினால் வருவது கரிமூட்டக்காரரின் காலம், தாழி வைத்தவரின் காலம் அல்ல.

அறுபட்ட தாழிக்கு முதலுதவி

குட்டைச் சுவரில் தாழி தெரிந்துவிட்டது. அடுத்த சில மணி நேரத்தில் செய்வதும் செய்யாததும்தான் முக்கியம். இயந்திரத்தை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல்ல வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கடமை. உரிமம் இல்லாமல் தோண்டி எடுப்பது குற்றம். ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது பொற்பட்டங்கள் கிடைத்தது உண்மைதான். அதை நம்பித் தாழியை உடைப்பவன் கையில் அநேகமாக மிஞ்சுவது துருவும் எலும்புத் தூளும்தான்.

தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிவிட்டுத் தாழியை மட்டும் பத்திரமாக எடுத்துவந்தோம் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த மண்தான் சான்று. எலும்பு எந்த அடுக்கில் இருந்தது, உள்ளே வைத்த சிறுகலயம் நிமிர்ந்து நின்றதா கவிழ்ந்து கிடந்ததா, நெல் இருந்ததா என்பதெல்லாம் அதற்குள்தான். பழனி அருகே பொருந்தலில் கல்லறைக்குள் கலத்தில் வைத்த நெல்தான் கி.மு. 490 என்ற காலத்தைக் கொடுத்தது. சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல் உமி கி.மு. 1155 என்று காட்டியது. கொட்டியிருந்தால் இரண்டும் குப்பை.

இரண்டாவது எதிரி உப்பு. கடலோர மண்ணில் இருந்த ஓடு நுண்துளை எங்கும் உப்புநீரைக் குடித்திருக்கும். வெயிலில் வைத்தால் நீர் போய் உப்பு படிகமாகும். படிகம் பருக்கும்போது ஓட்டின் தோல் செதில் செதிலாக உரியும். காலையில் வழவழப்பாக இருந்த கறுப்பு சிவப்பு ஓடு மாலையில் வெண்பூ பூத்து மறுவாரம் தூளாகும். ஆகவே சுவரில் தெரியும் தாழியை ஈரத்துணியால் மூடி, மேலே பாலிதீன் போட்டு, நிழல் கட்ட வேண்டும். வெளியே எடுத்த ஓடுகளை, ஒட்டியிருக்கும் படிவிலிருந்து மாதிரி எடுத்த பிறகே, நன்னீரில் ஊறவைத்து நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றிவைத்த நீரின் உப்பளவு ஏறாமல் நின்றால்தான் வேலை முடிந்தது. இதில் இங்கே எல்லாரும் செய்யும் பிழை, போர்வெல் நீரில் ஊறவைப்பது. அந்த நீரே கரிக்கும். மழைநீர், இல்லாவிட்டால் சுத்திகரித்த கேன் நீர். ஒட்டுவதற்கு எபாக்சி பசை கூடாது. பின்னால் கழற்ற முடியாத ஒட்டு, உடைந்ததைவிட மோசம்.

கரி கிடைத்தால் கையால் தொடாமல் சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதிந்து, ஆழத்தையும் இடத்தையும் உறையின்மேல் எழுத வேண்டும். பஞ்சு, காகிதம் இரண்டும் ஆகாது. சங்கு கிடைத்தால் தேதி கேட்க அவசரப்படக்கூடாது. கடலில் வளர்ந்த உயிரின் ஓடு, பொதுவாக ஏறத்தாழ 400 ஆண்டு கூடுதல் வயது காட்டும். திருத்தம் போடாமல் வெளியிட்டால் நாலு தலைமுறையல்ல, பதினாறு தலைமுறை பிசகும். கி.மு. 800 முதல் 400 வரையான காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கார்பன் அளவை ஆண்டாக மாற்றும் வளைகோடு அங்கே தட்டையாகக் கிடக்கிறது, அதனால் ஒரே கரித்துண்டின் அளவு பல நூற்றாண்டுகளுக்குப் பொருந்திவிடும். இரும்புக்காலத்தின் ஒரு பகுதி சரியாக அங்கே மாட்டுகிறது. ஒரே ஒரு தேதியை வைத்துக் கொட்டு முழக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு பாடு

வைகை முகத்தில் அழகன்குளத்தை 1986 முதல் பலமுறை மாநிலத் தொல்லியல் துறை தோண்டியிருக்கிறது. ரோமானிய மதுச்சாடிகள், ரௌலட்டட் ஓடுகள் (உருளையால் வரி பதித்த மெல்லிய கலங்களின் ஓடுகள்), தமிழி எழுத்துப் பொறித்த பானைகள், கப்பல் கீறிய ஓடு என்று ஒரு துறைமுகத்தின் வாழ்க்கை கிடைத்தது. முதுகுளத்தூர் வட்டத்துத் தேரிருவேலியிலும் தோண்டியிருக்கிறது. இவை வாழ்விடங்கள். இங்கே வாழ்ந்தவர்கள் யார், என்ன உண்டார்கள், எந்த வயதில் செத்தார்கள் என்பதை இடுகாடுதான் சொல்ல முடியும். அதற்கு இக்கரையில் ஓர் அனுகூலமும் உண்டு. செம்புராங்கல் நிலத்தின் புளிப்பு மண் எலும்பைத் தின்றுவிடும். சிப்பித்தூள் கலந்த கடலோர மண் சுண்ணாம்புத் தன்மை உள்ளது, எலும்பைப் பெருமளவு காக்கும். புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் கரைந்துபோனது இங்கே மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு.

பொருளும் பேசும். இந்தக் கரையில் இரும்புத்தாது இல்லை, சூதுபவளம் இல்லை. தாழியில் ஒரு இரும்பு வாள் இருந்தால் அது எங்கிருந்தோ வந்தது. எதிர்த்திசையில் சங்கு போயிருக்கிறது. நொய்யல் கரையில் கொடுமணலில் சங்கு வளையல்கள் கிடைத்திருக்கின்றன. அந்த ஊரிலும் கல்வட்டங்கள் உண்டு. வட்டக் கல்லின் துண்டொன்றைப் பாறையியல் ஆய்வுக்குக் கொடுத்தால் (உதிர்ந்து கிடக்கும் சில்லே போதும், கல்லை உடைக்க வேண்டாம்) எந்தப் பாறைமேட்டிலிருந்து எத்தனை தூரம் இழுத்துவந்தார்கள் என்று தெரியவரும். சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியில் கவிப்போர் என்று மணிமேகலை ஐந்து வகையை ஒரே ஊரில் அடுக்குகிறது. வட்டமும் தாழியும் ஒரே திடலில் கிடப்பதைத் தனித்தனி இனம் என்று அவசரப்பட்டுப் பிரிக்காமல் இருக்க அது ஒரு நல்ல எச்சரிக்கை.

எல்லையைத் திருத்தி வரைவது

பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில், 2010 திருத்தத்துக்குப் பின், பாதுகாக்கப்பட்ட பரப்பின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. 1992 அறிவிக்கையே கனிம வெட்டையும் கட்டுமானத்தையும் சேர்த்துத்தான் சொன்னது. ஆனால் குட்டை, தென்னங்குழி, ஆழ உழவு ஆகியவற்றை யாரும் இந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. மண்ணுக்குள் இருப்பதை நேராகக் காப்பது பாதுகாக்கப்பட்ட பரப்பு மட்டும்தான். அங்கே தரைமட்டத்திலிருந்து ஒரு அடிக்கு மேல் போகாத சாகுபடிக்குச் சட்டமே இடம் விடுகிறது. நில உரிமையாளரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். பட்டா போய்விடும், விதைக்கவே முடியாது என்ற பயத்தில்தான் கல் இரவோடு இரவாக மறைகிறது. சின்னத்தை அழித்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதை அடுத்ததாகச் சொல்லலாம்.

விண்ணப்பத்தோடு ஓட்டுக் கணக்கு வரைபடம், கற்களின் அட்டவணை, புலப்படம், அ-பதிவேட்டு நகல், சிட்டா, குட்டைச் சுவரின் அளவோடு கூடிய படம் எல்லாம் போக வேண்டும். எல்லை உட்பிரிவு எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஓட்டுப் பரவல் பாதி வயலில் முடிந்தால் வரப்பு வரை எடுத்துக்கொள்வது நல்லது, அளவையர் திரும்ப அளக்க முடியும். மாதிரி இடத்தில் அப்படி வரைந்தால் 144 சதுர மீட்டர் வேலி ஏறக்குறைய ஒன்றரை ஏக்கராகிறது. மத்திய அரசு அறிவிக்கை போட்டால் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்தில் யாரும் ஆழ உழாமல் பார்த்துக்கொள்வது ஊர்க்காரர்களால் மட்டுமே ஆகும்.

பழைய வேலியின் கம்பத்துக்குக் குழி தோண்டி காங்கிரீட் போட்டிருக்கிறார்கள். புதிய எல்லைக்கு அது வேண்டாம். தரைமேல் வைக்கும் எல்லைக்கல்லும், ஆழமாக வேர்விடாத கிளுவை வேலியும் போதும். சாய்ந்த கல்லை நிமிர்த்தக் கூடாது, ஏழு கற்கள் கிடைத்தாலும் ஊகத்தில் திரும்ப நடக் கூடாது. கிடைத்த இடத்திலேயே எண் போட்டுக் குறித்துவைத்தால், நட்ட குழியை என்றாவது முறையான அகழாய்வு கண்டுபிடிக்கும்போது எந்தக் கல் எந்தக் குழிக்கு என்று பொருத்திப் பார்க்கலாம். குட்டையின் வடக்குச் சுவரை வரைந்து முடித்ததும், அறுபட்ட மூன்று தாழிகளுக்கு முன்னால் சாக்குத் துணி விரித்து, உப்பில்லாத ஆற்று மணலைச் சுவர் உயரத்துக்கு நிரப்பி மூட வேண்டும். அடுத்த ஐப்பசிக்கு முன் அது முடிந்துவிட வேண்டும்.